வெர்லினின் பேஸ்மென்ட்டும் வாசமில்லாத வாயுவும்

உயிரே போனாலும் பேஸ்மென்ட்டை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று வெர்லின் முடிவு செய்தான். முடிவு செய்தது மாட்டுக்கொட்டகையில். வீட்டுக்குள் அவன் முடிவு எதுவும் செய்வதில்லை.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பனி விழுந்துவிட்டால் கோதுமை வயலில் வேலை கிடையாது. வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். சமையலறை அவன் மனைவி ஆர்டிஸுடையது. கூடம் அவளுடையது. காரில் இருக்கும் ரேடியோகூட அவளுடையதுதான். தரைக்கு அடியில் இருந்த அந்த ஒரு அறை மட்டும் வெர்லினுக்கு. அங்கே ஒரு சாய்வு நாற்காலி, டிவி, பியர் வைக்க ஒரு குட்டி ஃபிரிட்ஜ். சிமெண்ட் தரைக்கு டிராக்டர் பச்சையில் அவனே மண்டிபோட்டு பெயிண்ட் அடித்திருந்தான்.

அன்று காலை காபியோடு சேர்த்து ஆர்டிஸ் குண்டையும் போட்டாள்.

"சர்ச்சுல ஹீட்டர் போயிடுச்சாம். போர்வை தைக்கிற லேடீஸ் எல்லாம் பாவம், எங்க போய் உக்காருவாங்க? நம்ம பேஸ்மென்ட் சும்மாதானே கிடக்கு."

"சும்மாவா? அங்க நான் இருக்கேன்!"

"அதைத்தான் நானும் சொன்னேன்."

"எத்தனை பேரு?"

"பதினாலு. தையல் மெஷினோட. பனி உருகுற வரைக்கும்தான்."

சர்ச் பெண்கள் கேட்டு 'முடியாது' என்று சொல்ல நார்வேயிலிருந்து வந்து குடியேறிய அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வாய் வராது. 'பாக்கலாம்' என்பார்கள். அப்படியென்றால் சம்மதம். 'பரவாயில்ல' என்பார்கள். அது ஆனந்தக் கூத்து. மறுப்பதற்கு மட்டும் அவர்களிடம் வார்த்தை கிடையாது. ஏதாவது காரணம் வேண்டும், அதுவும் தன் தலையில் விழாத காரணமாக வேண்டும்.

அந்தக் காரணத்தைப் பக்கத்துப் பண்ணை எல்ராய் கொண்டுவந்தான்.

"ரேடான் இருக்குன்னு சொல்லிடேன்பா."

வெர்லினுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே எரிச்சல். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் வாயு அது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, நுரையீரலுக்கு மட்டும் தெரியும். அளந்து பார்த்துவிடலாம் என்று ஆர்டிஸ் மூன்று வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அளந்தால் எண் வரும், எண் வந்தால் ஆள் வருவான், ஆள் வந்தால் பச்சைத் தரையில் ஓட்டை போடுவான் என்று இவனும் மூன்று வருடமாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான்.

"மீட்டர்ல நாலுக்கு மேல காட்டினா ஆபத்து. ஒரு லேடி உன் படியில கால் வைக்க மாட்டா" என்றான் எல்ராய்.

"நாலு காட்டலேன்னா?"

"உன் பேஸ்மென்ட் மூலையில தண்ணி ஊறுற குழி இருக்குல்ல? அதுக்குள்ள மீட்டரை வச்சு மூடிடு. மண்ணு மூச்சு விடுற இடமே அதான். சும்மா எகிறும் பாரு!"

வாய் இல்லாதவனுக்கு வாயு கிடைத்தது.

வெர்லின் நூலகத்துக்கே போய் மீட்டரை இரவல் வாங்கிவந்தான். ஆர்டிஸ் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீயா வாங்கிட்டு வந்தே? ஜுரம் எதுவும் இல்லையே?"

"லேடீஸ் வர்ற இடமாச்சே ஆர்டிஸ். நமக்கும் ஒரு பொறுப்பு வேணாமா?"

குழிக்குள் மீட்டரை இறக்கி மூடியைப் போட்டான். ஒரு வாரம் அந்த மூலைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தால், பதினொன்று! சந்தையில் பரிசு வாங்கிய கன்றைத் தூக்கி வருவதுபோல அதை மேலே தூக்கிவந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"மனசே ஒடிஞ்சு போச்சு ஆர்டிஸ். அவங்களை வர வேணாம்னு சொல்லிடு."

"ஐயோ, பதினொண்ணா! இப்பவே ஃபோன் பண்றேன்."

பண்ணினாள். மறுநாள் காலை வாசலில் ஒரு வேன் நின்றது. கையில் பெரிய துளைபோடும் மெஷினோடு ஒருவன் இறங்கினான்.

"யாரு இது?"

"ரேடான் ஆளு. தரையில ஓட்டை போட்டு, குழாய் இறக்கி, ஃபேன் வச்சுக் காத்தைக் கூரைக்கு மேல தள்ளிடுவாராம்."

வெர்லின் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றான். பச்சைத் தரையா, மானமா? மானத்தை விட்டான்.

"அந்த நம்பர் பொய்! நான் குழிக்குள்ள வச்சிருந்தேன்!"

"தெரியும். நீ வச்ச கையோட நான் எடுத்து உன் நாற்காலிக்குப் பின்னாடி வச்சுட்டேன். நீ பாக்கப் போறதுக்கு முன்னாடி திரும்பக் குழிக்குள்ள போட்டேன்."

"அப்ப அந்தப் பதினொண்ணு?"

"உன் நாற்காலியோடது. நீ தினம் மூச்சு விடுற இடத்தோடது." ஆர்டிஸின் குரல் கம்மியது. "எனக்கு பயமா இருந்துச்சு வெர்லின். இன்னும் எத்தனையோ குளிர்காலம் நான் உன்னோட சண்டை போட வேணாமா?"

வெர்லினுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. வேற்று ஆள் முன்னால் அழக்கூடாதே என்று படிக்கட்டிலிருந்து ஒதுங்கி நின்றான்.

ஓட்டை போட்டார்கள். குழாய் ஏறியது. ஃபேன் மெல்ல முனகியது. அடுத்த முறை அளந்தபோது மீட்டரில் வந்த எண் வெறும் ஒன்று. வெர்லின் நாற்காலியில் சாய்ந்து, ஒரு முழு மூச்சை உள்ளே இழுத்து, "பரவாயில்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால், கோட்டைக் கழற்றும் அளவுக்கு உள்ளே கதகதப்பு.

"ஹீட்டரைச் சரி பண்ணிட்டாங்களா?" என்று மனைவியின் காதில் கேட்டான்.

"கெட்டாத்தானே சரி பண்ண?"

"அப்ப லேடீஸ்?"

"யாரும் என்னைக் கேக்கவே இல்ல."

"எல்ராய் சொன்ன யோசனை?"

"அதுக்கு அவனுக்கு ஒரு ஆப்பிள் பை சுட்டுக் கொடுக்க வேண்டியதாச்சு."

வெர்லின் கணக்குப் போட்டுப் பார்த்தான். காற்று சுத்தம். பேஸ்மென்ட் தனக்கே. பதினாலு தையல் மெஷினும் வெறும் பேச்சு. தோற்றதுபோல இருந்தாலும் ஜெயித்தது நாம்தான் என்று தோன்றியது. ஆயுள் கெட்டி. வீட்டுக்குப் போகும்போது ரேடியோ ஸ்டேஷனைக்கூட மாற்றிவிடலாம் என்று தைரியம் வந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஆர்டிஸ். "நம்ம மீட்டர் ஒண்ணுதான் காட்டுதுன்னு இப்பத்தான் அவங்க கிட்ட பெருமையா சொல்லிட்டு வந்தேன். இந்த ஊருலயே நல்ல காத்து நம்ம பேஸ்மென்ட்லதானாம். வியாழக்கிழமை வரலாமான்னு பதினாலு பேரும் நிஜமாவே கேக்குறாங்க."

அதற்குள் அந்தப் பதினாலு பேரும் சிரித்த முகத்தோடு அவனைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"பாக்கலாம்" என்றான் வெர்லின்.