மேக்னெட் அண்ணனின் முன்சீட்டு

கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கிப் பிழைப்பவர்கள் ஏராளம். உருக்குவதற்காக வந்த இரும்பை, "இது எனக்குத் தெரிஞ்ச இரும்பு" என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போன ஆள் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். தெருவில் அவருக்குப் பெயர் மேக்னெட். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கும். அதை நான் பார்த்ததில்லை.

ஓர் உருக்காலையில் கிரேன் ஓட்டுவது அவர் வேலை. அந்தக் கிரேனில் கொக்கி கிடையாது. தோசைக்கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கியது போல ஒரு காந்தத் தட்டு தொங்கும். அதைப் பழைய இரும்புக் குவியல் மேல் இறக்கி, கரண்ட் கொடுத்தால் கைக்குக் கிடைத்ததெல்லாம் ஒட்டிக்கொண்டு மேலே வரும். உலைக்குப் போகிற தொட்டிக்கு நேராகக் கொண்டுபோய்க் கரண்டை நிறுத்தினால் கொட்டிவிடும். ஆகாசத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பல வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

எப்போதும் மேலேயிருந்து பார்த்துப் பழகியதால் மனிதர்களை அவருக்கு உச்சந்தலையை வைத்துத்தான் அடையாளம் தெரியும். பலராமன் அண்ணன் வீட்டு மாடியில் நான் வாடகைக்குக் குடிவந்த புதிதில், தெருவில் நான்கு முறை வணக்கம் வைத்தும் யாரோ போல் போனார். ஐந்தாம் முறை என் செருப்பு வார் அறுந்து, குனிந்து மாட்டிக்கொண்டிருந்தேன். "அட, மாடி வூட்டுத் தம்பியா?" என்று தலைக்கு மேலே குரல் கேட்டது. அதற்கப்புறம் அவரை எங்கே பார்த்தாலும் கொஞ்சம் குனிந்தே பேசினேன். நான் மரியாதை தெரிந்த பையன் என்று தெருவில் பெயர் வந்தது அதனால்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆலைச் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் எல்லாம் கைச்சாடைதான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கையையும் விரித்தால் நிறுத்து. வீட்டிலும் இதே பாஷைதான். அவர் மனைவி எஸ்தர் அக்கா சாம்பார் ஊற்றும்போது விரல் கீழே சுழலும், போதும் என்றால் இரண்டு கையும் விரியும். நாளடைவில் எங்கள் தெருவே இந்தச் சாடைக்குப் பழகிவிட்டது. பால்காரர்கூட விரலைச் சுழற்றித்தான் பாத்திரத்தை நீட்டச் சொல்லுவார்.

இப்போது அந்த வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் காலை ஷிப்டில், குவியலிலிருந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. டயர் இல்லை, கண்ணாடி இல்லை, கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது மேலே வர வர, அதன் கேபின் கூரையை இவர் பார்த்துவிட்டார். நீலப் பெயின்ட் போட்ட கூரை. ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் பளபளத்தது. அவ்வளவுதான், கிரேனை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

கீழேயிருந்து சூப்பர்வைசர் விரலைக் கீழே சுழற்றினார். இவர் மேலேயிருந்து இரண்டு கையையும் விரித்தார். அவர் மறுபடி சுழற்ற, இவர் மறுபடி விரித்தார். கடைசியில் வாக்கி டாக்கியில் என்னய்யா கோளாறு என்று கேட்டார்கள்.

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். இது தெரிஞ்ச வண்டி."

தெரிஞ்ச வண்டி என்றால் என்ன அர்த்தம் என்று சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. சொந்தக்காரர்களுக்கும் இந்த ஆலையில் சலுகை கிடையாது என்று சொல்லிப் பார்த்தார். வண்டி அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும் என்பதால் யாரும் அடியில் போகவில்லை, திட்டுவதற்குக்கூடத் தள்ளி நின்றுதான் திட்டினார்கள். கடைசியில் மேனேஜரே வந்தார். இந்த மனிதர் இறங்க மாட்டார், உலை காத்துக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டு, எடைக்கு வாங்கிக்கொண்டு ஒழி என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு முன்வாசலில் இறக்கினார்.

எஸ்தர் அக்கா வெளியே வந்து பார்த்தார். "நாள் பூரா இரும்போட குடும்பம் நடத்தறது பத்தலியா? ஊட்டுக்கும் இட்டுக்கினு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் போகும்போது அந்தக் கூரையை ஒருமுறை பார்த்தார்.

விஷயத்தை அக்காவே பின்னொருநாள் எனக்கு நாஷ்டா வைத்துக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னார். கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கூலி வேலை. பக்கத்திலிருக்கும் ஆரணியைச் சுற்றிய ஊர்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வரும் கான்ட்ராக்டரின் வண்டி அது. எல்லாரும் பின்னால் நின்றுகொண்டு வர வேண்டும். வண்டி நிற்க வேண்டுமானால் கேபின் கூரையில் ஒரு தட்டு, கிளம்ப வேண்டுமானால் இரண்டு தட்டு. தட்டுகிற பொறுப்பு எஸ்தர் அக்காவுக்கு. அந்தப் பெயின்ட் தேய்ந்தது அவர் கை பட்டுத்தான்.

அக்கா மாசமாக இருந்த சமயம், ஒருநாள் நல்ல மழை. முன்சீட்டு காலியாக இருந்தது. உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். காலி இல்லை, அதில் என் கேரியர் இருக்கிறது, சாய்ந்தால் குழம்பு கொட்டிவிடும் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அடுக்குக் கேரியர் முன்சீட்டில் நனையாமல் வந்தது. ஏழு மாசக் கர்ப்பிணி பின்னால் நனைந்துகொண்டு வந்தார். மேக்னெட் அண்ணன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்காவைச் சுற்றி வேலி போல் நின்றபடியே வந்தாராம்.

"அந்த கேரியருக்கு இருந்த யோகம் எனக்கு இல்ல தம்பி" என்று சொல்லி அக்கா இன்னும் இரண்டு இட்லி வைத்தார். எனக்கு இட்லி இறங்கவில்லை. ஒரு காரணம் அந்தக் கதை. இன்னொரு காரணம், முந்தின நாள் அதே இட்லிக் குண்டானில்தான் அண்ணன் வண்டியின் நாசில்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியிருந்தார்.

ரிப்பேர் வருஷக்கணக்கில் நடந்தது. வேறு யாராக இருந்தாலும் என்ஜினிலிருந்து ஆரம்பிப்பார்கள். இவர் முதலில் செய்தது முன்சீட்டு. சக்கரமே இல்லாத வண்டிக்கு, புது ஸ்பாஞ்ச் வைத்து, மெரூன் கலர் ரெக்சின் தைத்து, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டு வைத்தார். அதில் ஒருவரையும் உட்கார விடவில்லை. ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் ஒருவர் போட்டோவுக்காக ஏறப் போனபோது, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். ஓட்டை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டைக் கேட்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்புறம் டயர், கண்ணாடி, கடைசியில் என்ஜின். அதற்குள் ஓர் எலிக் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தது. அதைக் காலி செய்ய வைக்கவே ஒரு மாசம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சுக்குப் போய்வந்து ஸ்டார்ட் செய்து பார்ப்பார். வண்டி கிளம்பாது, புகை மட்டும் கிளம்பும். ஒருநாள் அது பலராமன் அண்ணன் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டி முழுக்கப் படிந்துவிட்டது. அன்றோடு எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. பெயின்ட் அடிக்க வந்தவரோடும் தகராறுதான். வண்டி முழுக்க அடித்துவிட்டு, கூரையில் அந்த உள்ளங்கை இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னால் எந்தப் பெயின்டருக்குத்தான் கோபம் வராது?

எஸ்தர் அக்கா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தார். நின்று நின்று முழங்கால் தேய்ந்து, ஷேர் ஆட்டோவில் ஏறவே கஷ்டப்பட்டார். ஒருநாள், அந்த மாசத்தோடு வேலையிலிருந்து நின்றுவிடப் போவதாகச் சொன்னார். மேக்னெட் அண்ணன் அதைக் கேட்டதிலிருந்து தூங்கவில்லை. கடைசி நாள் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வரும்போது வண்டி அங்கே நிற்க வேண்டும், அக்கா முன்சீட்டில் உட்கார வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் அப்புறம் எங்கேயிருந்து கூட்டிக்கொண்டு வருவது? என்னிடம் இதை ரகசியமாகச் சொன்னார். தெருவில் இருந்த மற்ற எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

கடைசி நாளும் வந்தது. அக்கா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் வண்டி ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. தெருவே கைதட்டியது. அண்ணன் கியரைப் போட்டார், கேட்டைத் திறந்தார், பார்த்தார், இறங்கிவிட்டார்.

இத்தனை வருஷத்தில் பேரூராட்சி எங்கள் தெருவுக்கு சிமென்ட் ரோடு மேல் சிமென்ட் ரோடாகப் போட்டிருந்தது. தெரு உயர, வாசல் பள்ளமாகிவிட்டது. வண்டி முழங்கால் ஆழத்தில் நின்றது. போதாததற்கு, எதிரே பலராமன் அண்ணன் புதிதாகக் கட்டிய மாடிப்படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. எப்படியோ மேலே ஏற்றினாலும் திரும்ப இடமில்லை. வண்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் வாசலைப் பார்க்கவே இல்லை.

"டன்னு டன்னா தூக்கறேன் தம்பி" என்றார் என்னிடம். "இத்த தூக்க முடியலியே." அப்புறம் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தலையை நான் அவ்வளவு கிட்டத்தில் மேலேயிருந்து பார்த்தது அன்றுதான். முழுக்க நரைத்திருந்தது.

பலராமன் அண்ணன் தன் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் சம்மட்டி. வேட்டிப் பஞ்சாயத்து முற்றிவிட்டது என்று நினைத்து நான் நடுவில் ஓடினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு, தன் மாடிப்படியின் கீழ்ப்படியில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

"எஸ்தரு எத்தினி மணிக்கு வெளிய வரும்?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல். அடுத்த அடி அடித்துவிட்டுச் சொன்னார்: "நானும் அதுல நின்னுக்கினு போனவன்தான்யா."

கீழே நாலு படி போயிற்று. அந்த இடிபாட்டையே அள்ளி வாசல் பள்ளத்தில் கொட்டி, மேலே பலகை போட்டார்கள். அது நான் வீட்டுக்குப் போகிற ஒரே படிக்கட்டு என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடுத்த ஒரு மாசம் நான் ஸ்டூல் போட்டுத்தான் ஏறி இறங்கினேன், அது தனிக் கதை.

அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். விரல் மேலே சுழன்றது. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பால்காரர், இஸ்திரிக்காரர், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் என்று தெருவே சேர்ந்து தள்ளியது. கை விரிந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம், சுழன்றபோது தள்ளினோம். வண்டி உறுமிக்கொண்டு ரோட்டில் ஏறி நின்றது.

வழியில் நின்றால் தள்ளுவதற்காக நானும் பலராமன் அண்ணனும் உடன் போனோம். படிக்கட்டையே உடைத்துக் கொடுத்த எனக்கு முன்சீட்டு கிடையாதா என்று பலராமன் அண்ணன் கேட்டார். விரல் பின்பக்கத்தைக் காட்டியது. ஏறிக்கொண்டோம். எஸ்டேட் உள்ரோட்டில் ஓர் இடத்தில் நின்றுபோனது. இறங்கித் தள்ளினோம், ஓடி ஏறினோம். சங்கு ஊதும்போது கம்பெனி கேட்டுக்கு எதிரே போய்ச் சேர்ந்தோம்.

பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். நடுவில் எஸ்தர் அக்கா. கையில் டிபன் கேரியர், கழுத்தில் உடன் வேலை செய்தவர்கள் போட்ட சின்ன மாலை. வண்டியைப் பார்த்து நின்றார். அண்ணன் இறங்கி, முன்சீட்டின் பிளாஸ்டிக் உறையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்தார். விரலை மேலே நீட்டிச் சுழற்றினார்.

"ஏறத் தெரியாதா எனக்கு?" என்றார் அக்கா. ஒரு கையை அவர் தோளில் ஊன்றி ஏறி உட்கார்ந்தார். சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, ஜன்னல் வழியே கேரியரைப் பின்பக்கமாக என்னிடம் நீட்டினார்.

"இத்த நீ வெச்சுக்க தம்பி. கேரியரு பின்னாடி வரட்டும்."

ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே எங்களோடு பின்னால் ஏறிவிட்டார்கள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்கா, போலாம் என்று வாயால் சொல்லியிருக்கலாம். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கூரையில் பெயின்ட் இல்லாத அந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

வண்டி கிளம்பியது. என் கையில் இருந்தது காலிக் கேரியர்தான், கொட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தாலும் வீடு வந்து சேரும் வரைக்கும் அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.