ஒரே உறையில் இரண்டு கத்தி

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று என் மனைவிக்கு இரண்டு வருஷமாக உபதேசம் செய்துவந்தவன் நான். போன மாதம் நானே இரண்டாவது கத்தியைச் செருகினேன். காயம் யாருக்கு என்பதுதான் கதை.

குடிநீர் ஆபீஸில் நான் ஓய்வுபெற்ற அன்று ஒரு கம்ப்யூட்டரையும் கழித்துக் கட்டினார்கள். ஒத்த விதி என்று அதை இரிஞ்ஞாலக்குடா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். விண்டோஸ் எழுந்து வணக்கம் சொல்ல நான்கு நிமிஷம் ஆகும். மனைவி லதிகா உள்ளூர்ப் பள்ளியில் ஹிந்தி டீச்சர். ஊரே டீச்சர் என்பதால் நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். சில சமயம் எழுந்தும் நிற்பேன். அவளுக்கு நான் பவியேட்டன்.

"பவியேட்டா, ஸ்கூல்ல இருக்கற மாதிரி இதுலயும் ஒண்ணு போட்டுத் தாங்களேன். பாதி இடம் போதும். வீட்லயே பாடம் தயார் பண்ணிக்குவேன்."

"ஒரு உறையில ரெண்டு கத்தியா? பழைய மெஷின், தாங்காது டீச்சரே."

பள்ளியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் செய்ய வேண்டியிருக்கும்.

தவிர, அந்த இயந்திரத்தால்தான் என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாசகசாலையின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு அதன் சரித்திரத்தை எழுதுகிறேன் என்று அறிவித்திருந்தேன். சரித்திர ஆசிரியன் மத்தி மீன் கழுவலாமா? தேங்காய் துருவலாமா? இரண்டிலிருந்தும் விடுதலை கிடைத்தது. கிடைத்த நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டாடினேன்.

ஒருநாள் திடீர் ஹர்த்தால். டீச்சர் பாதி நாளில் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"வாசகசாலை சரித்திரத்துல ராஜா, ராணி எல்லாம் வர்றாங்களே?"

"அது... கொச்சி ராஜா காலம்."

"ராஜா ரெண்டு பக்கமும் தலையோட இருக்கார்."

"தொலைநோக்கு உள்ளவர்."

அவள் சிரிக்கவில்லை. சீட்டை அழித்தாள். இன்னொரு தடவை கண்ணில் பட்டால் தேங்காய்த் துருவல்பலகைதான் என்றாள்.

வாசகசாலைச் சீட்டாட்டத்தில் என் ஜோடி, பக்கத்து வீட்டு ஔசேப்பச்சன். அவரிடம் அழுதேன். மறுநாளே பச்சை நூல் கட்டிய ஒரு பென் டிரைவோடு வந்தார்.

"இதுல லினக்ஸ் இருக்கு பவி. விண்டோஸ் பக்கத்துலயே ஏத்திக்கோ. சரித்திரம் இந்தப் பக்கம், சீட்டு அந்தப் பக்கம். அங்க இருக்கறது இங்கேர்ந்து தெரியாது."

"டீச்சருக்கு?"

"ஹிந்தி டீச்சருக்கு இதெல்லாம் என்னத்தத் தெரியும்."

சனிக்கிழமை டீச்சர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். பரம்பரைத் தரவாட்டுச் சொத்தைப் பாகம் பிரிப்பதுபோல் ஹார்ட் டிஸ்கில் கோடு போட்டு, சரிபாதியைப் புதியவனுக்கு எழுதிக் கொடுத்தேன். இருமுறை இயந்திரம் மயங்கியது, ஒருமுறை நான் மயங்கினேன். மாலைக்குள் முடிந்தது; பென் டிரைவை ஔசேப்பச்சனிடம் திருப்பிக் கொடுத்தேன். சும்மா திறந்தால் விண்டோஸ்தான் வரும். திறக்கும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் மட்டும் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு பெயரும் காட்டும். பாஸ்வேர்டாக அவள் பெயரையே வைத்தேன். அங்கே யாராவது தேடுவார்களா?

எங்கள் ஊரில் ஆட்சி மாற ஐந்து வருஷம். என் கம்ப்யூட்டரில் நான்கு நிமிஷம். கஷ்டம் என்னவென்றால், டீச்சர் கேட்டிலிருந்து கூடத்துக்கு வர அரை நிமிஷம் போதும். ஆகவே கேட் சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

"கரண்ட் போச்சு டீச்சரே."

"மேல ஃபேன் சுத்துதே?"

"காத்துல சுத்துது."

அதையும் நம்பினாள். இரண்டு வாரம் கொச்சி ராஜாவே நான்தான் என்று வாழ்ந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை காலை நான் பல் தேய்த்துவிட்டு வருகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் டீச்சர். ஒரு விரல் அந்த விசையின் மேல். இரண்டு பெயர்கள் தெரிந்தன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, தன் பெயரைத் தானே தட்டி உள்ளே போனாள்.

"பாஸ்வேர்டு என் பேரா? சந்தோஷம் பவியேட்டா."

"உனக்கு இது... தெரியுமா?"

"பத்து வருஷமா ஒவ்வொரு கோடை லீவுலயும் டிரெய்னிங் போறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? ஸ்கூல்ல இந்த லினக்ஸ்தான். ஆறாம் கிளாஸ் பசங்களே ஏத்துவாங்க."

பத்து வருஷமும் நான் என்ன பயிற்சி என்று கேட்டதில்லை. மதியச் சோறு எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

"இங்கேர்ந்து அந்தப் பக்கமும் தெரியும்," என்று சரித்திரத்தைத் திறந்தாள். "மூணாவது அத்தியாயம் எழுதறேன்னீங்க. ஒரு வரிதான் இருக்கு. 'வாசகசாலை மிகப் பழமையானது.'"

"ஔசேப்பச்சன்தான்..." என்று காட்டிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

டீச்சர் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அதில் பச்சை நூல். சாவிகளோடு அந்தப் பென் டிரைவ்.

"அவர்கிட்ட நான்தான் குடுத்தேன். அவர் பேத்தி என் கிளாஸ். ரெண்டு வருஷமா கேட்டேன், தாங்காதுன்னீங்க. உங்க கையாலயே பாதி போட்டுக் குடுத்துட்டீங்க. சுத்தமான வேலை. பத்துக்கு ஒம்போது."

ஒரு மார்க் எங்கே போயிற்று என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன்.

"என் சீட்டு? அழிச்சிட்டியா?"

"சேச்சே. அப்படியே இருக்கு. பாஸ்வேர்டைத்தான் மாத்தப்போறேன்." படபடவென்று தட்டினாள். நீளமாகத்தான் தட்டினாள். பிறகு துருவல்பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "ஒரு மூடி துருவினா ஒரு எழுத்து சொல்வேன்."

இதுவரை பதினோரு மூடி ஆகியிருக்கிறது. மொத்தம் எத்தனை எழுத்து என்று டீச்சர் இன்னும் சொல்லவில்லை.