மாமனார் பிடுங்கிய பிளக்

கணினி வேலை பார்க்கிறவனுக்கு மாமனார் வீட்டில் தனி மரியாதை உண்டு. ரிமோட் மக்கர் செய்தாலும், மிக்ஸியில் புகை வந்தாலும், ஆதார் கார்டில் பெயர் தப்பாக இருந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ‘எனக்கு இது தெரியாது’ என்று ஒரு தடவை சொன்னால் போதும், அந்த மரியாதை அன்றோடு சரி. அதனால் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டிய அன்றும் சொல்லவில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி முளைத்திருக்கும் புது வீடுகளில் ஒன்று என் மாமனாருடையது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு நானும் என் மனைவி வாசுகியும் மாதத்தில் பாதி நாள் அங்கேதான் இருந்தோம். ஓய்வு நேரத்தில் நான் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கைச் சரிசெய்யும் மென்பொருள். எந்தப் படம் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று உள்ளே ஒரு அட்டவணை இருக்கும். அது குழம்பிவிட்டால், படங்கள் பத்திரமாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. என் மென்பொருள் அந்த அட்டவணையைத் திருத்தி எழுதிவிடும். (யாரும் குறுக்கே வராமல் இருந்தால்.)

இந்தப் பெருமையை வாசுகி தன் அண்ணன் முருகேசனிடம் அளந்து வைத்திருக்கிறாள். மச்சானுக்குக் கீழ்பென்னாத்தூரில் போட்டோ ஸ்டுடியோ. ஒரு நாள் மதியம் கையில் பெரிய ஹார்ட் டிஸ்கோடு வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“மாப்ள, பாதி போல்டர் தொறக்கவே மாட்டேங்குது. ஒரு கல்யாணம் மொத்தமும் இதுலதான் இருக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க பௌர்ணமிக்கு கிரிவலம் வராங்களாம். அப்படியே வந்து வாங்கிக்கறோம்னுட்டாங்க.”

“வேற காப்பி இல்லயா மச்சான்?”

“இருந்தா இங்க ஏன் வரேன்?”

“தாலி கட்டறதும் இதுலதானா?” என்றாள் வாசுகி.

“பின்ன? இன்னொரு வாட்டி கட்டுங்கன்னு போய்ச் சொல்ல முடியுமா?”

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் டிஸ்கை முதலில் நகல் எடுப்பான். நகலில்தான் கை வைப்பான். ஊருக்கெல்லாம் நான் செய்யும் உபதேசமும் அதுதான். ஆனால் நகல் எடுக்க அரை நாள் ஆகும். வீடே என்னைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அரை நாள் சும்மா உட்கார்ந்திருப்பது என் கௌரவத்துக்குக் குறைச்சலாகத் தோன்றியது. நேராக டிஸ்கிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“நடுவுல கரண்டு போனா?” என்று மச்சான் இழுத்தார்.

நான் சிரித்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூசும் சிரிப்பு அது. “லேப்டாப்புல பேட்டரி இருக்குது மச்சான். வேங்கிக்காலே இருட்டானாலும் இது ஓடும்.”

ஓடும்தான், லேப்டாப் ஓடும். அந்தப் பெரிய டிஸ்குக்குத் தனியாக அடாப்டர் உண்டு, அது சுவர் பிளக்கில் தொங்குகிறது என்பது மட்டும் இந்த மேதாவியின் மண்டையில் ஏறவில்லை.

இப்போது என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்போதோ இடி விழுந்து அவருடைய டிவி எரிந்து போயிருக்கிறது. அதிலிருந்து அண்ணாமலையார் மலைக்கு அந்தப் பக்கம் லேசாக இடி உறுமினாலே போதும், எழுந்துவிடுவார். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, கொசு விரட்டி என்று அறை அறையாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டே வருவார். அன்றும் உறுமியது. நான் மச்சானுக்குத் திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் சட்டென்று நின்றன.

“எல்லாத்தயும் புடுங்கிட்டேன்” என்று பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

“இன்னாத்தப்பா புடுங்குன?” என்று மச்சான் அலறினார்.

“பிளக்கத்தான்டா. வேற இன்னாத்த புடுங்குவாங்க?”

அட்டவணையில் பாதி பழசு, பாதி புதுசு. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மறுபடி செருகிப் பார்த்தால் ஒரு போல்டர்கூடத் திறக்கவில்லை. மச்சான் என்னைத் திட்டவில்லை. “வரும்போது பாதியாச்சும் இருந்துச்சு மாப்ள” என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அன்று மாமியார் கொடுத்த காபியில் சர்க்கரை கம்மி. (என் பிரமையாகவும் இருக்கலாம்.)

புத்தி வந்து நகல் எடுத்து ஆராய்ந்தபோது ஒரு நல்ல சேதி கிடைத்தது. அட்டவணைக்கு டிஸ்கிலேயே இன்னொரு பிரதி இருக்கும். என் மென்பொருள் முதல் பிரதியைத் திருத்திவிட்டுத்தான் இரண்டாவதற்குப் போகும். அதைத் தொடுவதற்குள் மாமா பிடுங்கிவிட்டார். இரண்டையும் ஒத்துப் பார்த்து எழுதினால் படங்களை மீட்கலாம்.

“அப்போ நான் சட்டுனு புடுங்குனதாலதான் தப்பிச்சுதுன்னு சொல்லுங்க” என்றார் மாமா.

ஆனால் நகல் கையில் இருந்தும் மறுபடி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. மழைக்காலம் வேறு, தினமும் உறுமிக்கொண்டிருந்தது. மாமாவைத் திருத்துவதை விட மென்பொருளைத் திருத்துவது சுலபம் என்று முடிவு செய்தேன். செய்யப்போவதை முதலில் ஓர் ஓரத்தில் குறிப்பாக எழுதிவை. அப்புறம் செய். செய்து முடித்ததும் குறிப்பை அழி. நடுவில் அறுந்தால், குறிப்பைப் பார்த்து அதையே மறுபடி செய். இவ்வளவுதான் சங்கதி. எழுதி முடித்துவிட்டு, இனி யாராலும் அசைக்க முடியாது என்று வாசுகியிடம் மார்தட்டினேன்.

“அப்பாவ புடுங்கச் சொல்லிப் பாருங்களேன்” என்றாள். “எப்படியும் அவருதான் புடுங்கப் போறாரு.”

ஒரு பழைய டிஸ்கை மாட்டி, எப்போது வேண்டுமானாலும் பிடுங்குங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அந்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்து பட்டென்று பிடுங்கினார். குறிப்பு பாதி எழுதிய நிலையில் நின்றது. மறுபடி செருகியதும் என் மென்பொருள் அந்த அரைகுறைக் குறிப்பை வேதவாக்காக நம்பி டிஸ்கை நாசம் செய்தது. அதன் பிறகு குறிப்பின் கடைசியில் ‘முற்றும்’ என்று ஒரு அடையாளம் வைத்தேன். முற்றும் இல்லாத குறிப்பை மென்பொருள் தூக்கிப் போட்டுவிடும்.

அடுத்து, அந்தக் குறிப்பைப் பார்த்து மீட்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பிடுங்கினார்.

“மாமா, இப்பதானே புடுங்குனீங்க!”

“இடி ஒரே ஒரு வாட்டிதான் இடிக்குமா?”

அவர் கேட்டது நியாயம்தான்: மீட்பும் பாதியில் அறுந்தால் அதையே மறுபடி செய்ய வேண்டும். செய்த வேலையையே மறுபடி செய்தால் கெடுதல் வரக்கூடாது. என் கட்டளைகளோ ‘குழம்பில் உப்புப் போடு’ என்கிற ரகம். இரண்டு தரம் செய்தால் வாயில் வைக்க முடியாது. எல்லாவற்றையும் ‘கதவைச் சாத்து’ என்கிற ரகமாக மாற்றினேன். சாத்திய கதவை இன்னும் பத்து தரம் சாத்தச் சொன்னாலும் பாதகமில்லை. அதன் பிறகு மாமா நின்றுகொண்டு பிடுங்கினார், உட்கார்ந்துகொண்டு பிடுங்கினார், மெயின் சுவிட்சையே அணைத்தார். டிஸ்க் அசையவில்லை. அவருக்குத்தான் கை வலித்தது.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து கல்யாண டிஸ்கில் கை வைத்தபோது பௌர்ணமியே வந்துவிட்டது. பெண்ணும் அவளுடைய அம்மாவும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, ஸ்டுடியோவுக்குப் போகாமல் நேராக மாமனார் வீட்டுக்கே வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள். “கூட்டம் ஜாஸ்தியாவறதுக்குள்ள நடக்க ஆரம்பிக்கணும், குடுத்துட்டீங்கன்னா கெளம்பிடுவோம்” என்றார் அந்த அம்மா. மச்சான் அவர்களுக்கு மூன்றாவது தரம் தண்ணீர் கொடுத்தார். மென்பொருள் பாதி தூரம் போயிருந்தது. கெட்டால் நகலிலிருந்து மறுபடி தொடங்க அரை நாள் ஆகும், அதற்கு நேரமில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் உறுமியது.

மாமா எழுந்தார். பிளக் வரை போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். மச்சான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தேன். சாய்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

“புடுங்குங்க மாமா.”

பிடுங்கினார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். இடி ஓய்ந்து மழை விட்டதும் மாமாவே செருகினார். திரையில் ஒரு வரி வந்தது: ‘பாதியில் நின்ற வேலை இருக்கிறது. தொடர்கிறேன்.’ நின்ற இடத்திலிருந்து ஓடி முடித்தது. முதலில் திறந்த போல்டரிலேயே மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தார். “அம்மா, நீ அழுவற பாரு!” என்று பெண் கத்தினாள். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அண்ணாமலையாரையே மீட்டுக் கொடுத்தவன் மாதிரி நிமிர்ந்து நின்றேன். மாமியார் கொண்டு வந்த காபி பாயசமாக இனித்தது.

இன்று அந்த மென்பொருளை முகம் தெரியாத பலர் பயன்படுத்துகிறார்கள். நடுவில் மின்சாரத்தை அறுத்துப் பார்க்கும் சோதனைக்கு அதில் ‘மாமனார்’ என்று பெயர். இது எதனுடைய சுருக்கம் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். சுருக்கமே இல்லை, முழு உருவம் என்று பதில் போட்டேன்.

நாங்கள் சென்னையில் இருக்கும்போதும் வேங்கிக்காலில் உறுமினால் போன் வரும். “மாப்ள, புடுங்கட்டுமா?” நான் உத்தரவு கொடுத்த பிறகுதான் கொசு விரட்டியில்கூடக் கை வைப்பார். ஊரில் யாராவது கோபத்தில் ‘நீ பெருசா இன்னாத்த புடுங்கிட்ட?’ என்று கேட்டால் எதிராளி சட்டையைப் பிடிப்பான். எங்கள் வீட்டு விசேஷங்களில் அந்தக் கேள்வியை மாமாவிடம் வேண்டுமென்றே கேட்பார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார்.