வெண்மேகச் சாமியாரின் உயிர் ஹீல்

புசான் நகரத்துச் சனங்களுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க மூளை தலையில் இல்லை. குதிகாலில் இருந்தது.

எல்லாம் வெண்மேகச் சாமியார் வந்திறங்கிய பிறகுதான். ஜிரி மலையில் பல வருஷம் பைன் மர இலையை மட்டுமே தின்று தவம் செய்தவராம். இலையைத் தின்றவருக்கு இத்தனை பெரிய தொந்தி எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேட்டுத்தெருவில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் அருள் வழங்கினார். வாசலில் கழற்றிப் போட்ட ஷூக்கள் தெருமுனை வரைக்கும் போயின.

சாமியாரின் கண்டுபிடிப்பு இதுதான்: மனிதனின் உயிர்ச்சக்தி குதிகால் வழியாக மண்ணுக்குள் ஒழுகிப் போகிறது. செத்த ஹீல் போட்டு நடக்கிறவன் வீட்டில் நோய் தீராது, பெண்ணுக்கு வரன் அமையாது, பையன் பரீட்சையில் தேறமாட்டான். சாமியார் மந்திரம் சொல்லி எழுப்பித் தரும் ‘உயிர் ஹீலை’ ஷூவின் அடியில் ஆணி வைத்து அடித்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா?

இதை நம்பியவர்கள் ஷூவையே பார்த்திராதவர்களா? அதுதான் வேடிக்கை. ஊரில் பாதிப் பேர் ஷூ ஆலைத் தொழிலாளிகள். பகலெல்லாம் பசை தடவி, ஹீல் ஒட்டி, கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். தங்கள் கையால் ஒட்டின ஹீலில் உயிர் இல்லையாம். சாமியார் தொட்டுக் கொடுத்த ஹீலில் இருக்கிறதாம்!

மா பில்சுன் இந்தக் கூத்தை ஆரம்பத்தில் சட்டை செய்யவில்லை. அவளுக்கு ஆலையில் வேலை தலைக்கு மேல் இருந்தது. ரசாயனம் படித்துவிட்டு ரப்பர் பிரிவில் ஹீல் வடிவமைப்பவள் அவள். ஹீல் கல்லாக இருந்தால் முழங்கால் போய்விடும். களியாக இருந்தால் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். மிதிக்கும்போது அமுங்கி, காலைத் தூக்கும்போது எகிற வேண்டும். அது எகிறுகிறதா என்று பார்க்க ஓர் இரும்புக் குண்டைக் கண்ணாடிக் குழாய் வழியாக ஹீல் மேல் போடுவாள். குண்டு துள்ளினால் ஹீல் தேறியது. டொப்பென்று படுத்துவிட்டால் குப்பை. இதற்குப் பூசை கிடையாது, காணிக்கை கிடையாது.

ஒரு சாயங்காலம் அக்காள் குவிசுன் வீட்டுக்குப் போனபோதுதான் அந்தக் கூத்து தன் குடும்பத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது தெரிந்தது. அக்காள் புருஷன் மன்சிக் கப்பல் கட்டும் துறையில் வெல்டர். நெஞ்சில் காசநோய். சுகாதார நிலையத்து மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அலமாரியில் இந்த மாதத்து மாத்திரை டப்பா திறக்காமல் இருந்தது.

"அக்கா, என்ன இது? டப்பா அப்படியே நிறைஞ்சு கெடக்கு?"

"சாமி நிறுத்தச் சொல்லிட்டாரு. மாத்திரை போட்டா ஹீல் தூங்கிப் போயிருமாம்."

"மாத்திரையை முழுங்குறது அத்தானா, ஹீலா?"

"உனக்கு எல்லாத்துலயும் நக்கல்தான். நாலெழுத்துப் படிச்ச திமிரு."

மன்சிக் சுவரில் சாய்ந்தபடி இருமினார். வாயைத் துடைத்த கைக்குட்டையைச் சட்டென்று மடித்துத் தொடைக்கடியில் சொருகினார். அதில் இருந்த சிவப்பைப் பில்சுன் பார்த்துவிட்டாள்.

"விடு பில்சுன். உங்கக்கா மனசு கோணக் கூடாதுன்னுதான் நிறுத்துனேன்" என்றார் மன்சிக்.

பில்சுன் வாசலுக்குப் போய் அவருடைய ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். உயிர் ஹீலில் வளைந்து ஓடிய மூன்று பள்ளங்களும் அவளே வரைந்தவை! செலவைக் குறைக்கலாமென்று பழைய லாரி டியூப்பை அரைத்துக் கலந்து, இலையுதிர் காலத்தில் அவள் செய்து பார்த்துத் தோற்றுப்போன சரக்கு அது. டியூப் ரப்பரின் குணம் அப்படி. குளிரில் பிணமாகக் கிடக்கும், சூடு பட்டால் எகிறும். குளிர்காலத்தில் இதை எவன் காலில் போட்டு நடப்பான் என்று முதலாளி கத்திவிட்டு, மூட்டை மூட்டையாகக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார். அவள் குப்பையில் போட்டது அக்காள் வீட்டுக்குத் தெய்வமாகத் திரும்பி வந்திருந்தது.

"சாமியாரு இதை எப்படி எழுப்புவாரு? சொல்லு."

அக்காளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மொதல்ல ஹீல் மேல ஒரு இரும்புக் குண்டைப் போடுவாரு. டொப்புன்னு படுத்துக்கும். அப்புறம் ஹீலைத் தன் முழங்காலுக்குப் பக்கத்துல பட்டுப் போர்வைக்குள்ள வச்சு, உடுக்கு அடிச்சு மந்திரம் சொல்லுவாரு. வெளிய எடுத்துக் குண்டைப் போட்டா அவரு தாடி வரைக்கும் துள்ளும்! என் கண்ணால பாத்தேன்டி."

"வீட்டுக்கு வந்தப்புறமும் துள்ளுதா?"

"வர்ற வழியில தீட்டுப் பட்டுச் செத்துப் போயிருது. வாரா வாரம் கொண்டு போய் எழுப்பிக்கணும்."

"எழுப்புறது ஓசியிலயா?"

"காணிக்கை இல்லாம எந்தச் சாமிடி எழுப்பும்?"

"சரி, அவரு எங்க உக்காந்திருப்பாரு?"

"இது என்ன கேள்வி? பெரிய மனுஷனை வாசல்லயா உக்கார வைப்பாங்க? சூட்டு மூலையிலதான்."

பில்சுன் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஊர் வீடுகளில் தரைதான் அடுப்பு. அடியில் கரிக்கட்டி கனன்றுகொண்டே இருக்கும். அடுப்பு வாய்க்கு நேர் மேலே உள்ள மூலையில் தரைக் காகிதம் கருகிப் பழுப்பேறிப் போகும் அளவுக்குச் சூடு; வாசல் பக்கம் போகப் போகத் தரை ஜில்லென்று இருக்கும். பெரியவர்களையும் விருந்தாளிகளையும் அங்கேதான் உட்கார வைப்பார்கள். மற்ற நேரத்தில் அங்கே ஒரு பஞ்சுப் போர்வை விரித்திருக்கும். வேலையிலிருந்து பிந்தி வருகிறவர்களுக்குச் சோற்றுக் கிண்ணத்தை மூடி அந்தப் போர்வைக்குள் வைப்பார்கள். குவிசுனும் ஷிப்ட் முடிந்து வரப்போகும் மகளுக்காக ஒரு கிண்ணத்தை அங்கே வைத்திருந்தாள்.

பில்சுன் ஹீலைக் கழற்றினாள். கோட்டுப் பையில் எப்போதும் கிடக்கும் இரும்புக் குண்டை அதன்மேல் போட்டாள். டொப். ஹீலைச் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போர்வைக்குள் தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்து ஹீலை வெளியே எடுத்து மறுபடியும் குண்டைப் போட்டாள். குண்டு எகிறிக் கிம்ச்சி ஊறுகாய்த் தட்டுக்குள் போய் விழுந்தது.

"பாத்தியா அக்கா?"

குவிசுன் கண்கள் விரிந்தன. இரண்டு கைகளையும் கூப்பினாள். "பாத்தேன்டி! சாமியோட அருள் எங்க வீட்டுப் போர்வை வரைக்கும் வந்துருச்சே!"

பில்சுன் தலையில் அடித்துக்கொண்டாள். பக்தி என்பது இதுதான். சோற்றைச் சூடாக்கியது கரியாம். பக்கத்திலிருந்த ஹீலைச் சூடாக்கியது அருளாம். இரண்டுக்கும் ஒரே போர்வை!

"அக்கா, ஒரு பந்தயம். ஞாயித்துக்கெழமை உன் சாமி முன்னாடியே சோதிச்சுப் பாக்கறேன். நான் தோத்தா வாழ்நாள் பூரா உயிர் ஹீல் போட்டுக்கறேன்."

"ஜெயிச்சா?"

"அங்கயே, அந்த எடத்துலயே, அத்தான் மாத்திரை போடணும்."

"சரி போ. சாமி கிட்ட ஒன் பருப்பு வேகாது" என்றாள் குவிசுன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய அறையில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். பசை நாற்றம் போகாத கைகளோடு ஆலைப் பெண்கள், மீன் சந்தைக்காரிகள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பாங்க் அதிகாரி. படித்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். முட்டாள்தனத்திலும் அவர்களுக்கு முன்வரிசைதான் வேண்டும். சூட்டு மூலையில் சாமியார் மூன்று மெத்தை போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தார். அந்த மூலையில் வெறும் தரையில் உட்கார்ந்தால் அருள் எங்கே சுடும் என்பது அவருக்குத் தெரியும்.

வரிசையாக ஹீல்கள் செத்தன, போர்வைக்குள் போயின, உயிர்த்தெழுந்தன. குண்டு துள்ளும்போதெல்லாம் கூட்டம் "ஆகா" என்றது. தடித்த சிஷ்யன் ஒருவன் காணிக்கைப் பெட்டியோடு சுற்றி வந்தான். பெட்டி மட்டும் ஒருமுறைகூடச் சாகவில்லை.

மன்சிக் வாசலோரம் குளிரில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பில்சுன் எழுந்து தரையில் நெற்றி படக் கும்பிட்டாள்.

"சாமி, வாசல்ல இருக்கறது எங்க அத்தான். நெஞ்சு நோவு. கூட்டத்தைத் தாண்டி வர முடியல. மலையிலேர்ந்து எங்களுக்காக எறங்கி வந்தவரு, நாலு எட்டு நடந்து வந்து அவரு பக்கத்துல உக்காந்து அவரு ஹீலை எழுப்பக் கூடாதா?"

சாமியார் புன்னகைத்தார். "ஹீலை இங்கே கொடுத்து அனுப்பு மகளே."

"சீக்காளியைத் தேடி வர்றதுதானே சாமி கருணை?"

கூட்டத்துக்குக் கருணை என்ற சொல் போதும். "ஆமா சாமி! போங்க சாமி! பாவம் சாமி!" என்று நாலா பக்கமும் கூவினார்கள். ஒரு மீன்காரி அழவே ஆரம்பித்துவிட்டாள். மெத்தையை விட்டு எழுந்திருக்க மறுத்த சாமியாரைப் பக்தர்களே கைத்தாங்கலாகத் தூக்கி வாசலோரம் கொண்டு போய் வைத்தார்கள். பட்டுப் போர்வையை எடுத்துவரச் சிஷ்யனுக்குக் கண் காட்டினார் அவர். பில்சுன் குறுக்கே வந்தாள்.

"எதுக்கு சாமி செரமம்? அக்கா வீட்டுப் போர்வையைக் கொண்டாந்திருக்கேன்."

சாமியார் உடுக்கு அடித்தார். மந்திரம் சொன்னார். அந்தக் குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்த்தது. கதவிடுக்கில் கடற்காற்று ஊளையிட்டது. ஹீலை எடுத்துக் குண்டைப் போட்டார்.

டொப்.

இன்னும் உரக்கச் சொன்னார். டொப். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாமியார் மன்சிக்கை நோக்கி விரலை நீட்டினார். "இவன் மனசு செத்துப் போச்சு. இவனுக்கு நம்பிக்கை இல்லை. இப்படிப்பட்டவன் பிழைக்க மாட்டான்."

குவிசுன் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க நம்பல? எனக்காகவாவது நம்பியிருக்கக் கூடாதா?"

மன்சிக் மாத்திரையையும் அவளுக்காகத்தான் விட்டார். இப்போது பழியையும் அவளுக்காகவே சுமந்துகொண்டு குனிந்திருந்தார். பில்சுன் சாமியார் கையிலிருந்த ஹீலைப் பிடுங்கினாள். கூட்டத்தை மிதிக்காத குறையாகத் தாண்டிப் போய்ச் சூட்டு மூலையில், மூன்று மெத்தைகளின் மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏய் பொண்ணு! அது சாமி எடம்!" என்று வாத்தியார் அலறினார்.

"இப்ப நான்தான் சாமி. உக்காருங்க."

ஹீலைப் பட்டுப் போர்வைக்குள் தரையோடு சேர்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அதே மந்திர ராகத்தில் ஆலைக் கேண்டீன் சாப்பாட்டை ஓதினாள்.

"திங்கள் முள்ளங்கி சூப்பே... செவ்வாய் சோயா முளை சூப்பே... புதன் மறுபடியும் முள்ளங்கி சூப்பே... வியாழன் மீன் தலையே, வெள்ளி மீன் வாலே..."

ஆலைப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். பில்சுன் வாரம் முழுவதையும் நிதானமாகத் திரும்பத் திரும்ப ஓதினாள். சிஷ்யன் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான். கடைசியில் ஹீலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, எழுந்து நின்று, தலைக்கு மேலிருந்து குண்டைப் போட்டாள். அது துள்ளி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாங்க் அதிகாரியின் மூக்கைப் பதம் பார்த்தது.

ஒருவரும் "ஆகா" சொல்லவில்லை.

"அக்கா, இங்க வா. இந்தத் தரையில கையை வை."

குவிசுன் வந்தாள். கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். "சுடுதுடி."

"உன் மக சோத்தைச் சூடா வைக்கிறது யாரு?"

"கரி."

"இது நான் தூக்கி எறிஞ்ச ரப்பரு. குளுர்ல செத்த மாதிரி கெடக்கும், சூட்டுல துள்ளும். நீ தெருவுல நடந்ததும் ஆறிப் போகும். உடனே தீட்டுன்னு சொல்லி அடுத்த வாரமும் உன்னை வர வைக்கலாம்."

குவிசுன் அந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு சாமியாரை நோக்கி நிமிர்ந்தாள்.

"ஏன் சாமி? அருள்தானே இங்க எறங்குது? ஒங்களுக்கு எதுக்கு மூணு மெத்தை?"

சாமியாருக்கு எந்த மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. சிஷ்யனுக்கு மட்டும் கால் இருந்தது நினைவுக்கு வந்தது. பெட்டியோடு வாசலுக்குப் பாய்ந்தவன், மலைபோல் குவிந்து கிடந்த ஷூக்களில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தபோது மீன்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். சாமியார் தேடக்கூட இல்லை. மேட்டுத்தெருச் சரிவில் பனிமேல் வெறுங்காலோடு ஓடினார். உயிர்ச்சக்தி ஒழுகிவிடுமே என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த இரைச்சலுக்கு நடுவே குவிசுன் டம்ளரில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். பில்சுன் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். மன்சிக் மாத்திரையை விழுங்கி முடிக்கும்வரை குவிசுன் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"என்னை ஏன்யா ஒரு வார்த்தை திட்டல நீ? செத்துப் போயிருந்தா நான் யாரைத் திட்டுறது?"

சொல்லிவிட்டு அழுதாள். நாளைக் காலையில் சுகாதார நிலையத்துக்குத் தானே கூட்டிப் போவதாக அழுகைக்கு நடுவிலேயே சொன்னாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஊருக்கு மரியாதை. பில்சுன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, சூட்டு மூலையில் இரண்டு பெண்கள் அந்தப் பட்டுப் போர்வையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏம்மா, அந்த ஆளு கள்ளச் சாமிதான். ஆனா அருளு இந்தப் போர்வையில இருக்குன்னு தெரிஞ்சு போச்சே. வெலைக்குக் கெடைக்குமா?"

பில்சுன் அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"குளுர்ல செத்த ரப்பருகூடக் கொஞ்ச நேரம் சூடு பட்டா முழிச்சுக்குது. ஒங்க மூளையை எந்த அடுப்புல வச்சா முழிக்கும்?"