அச்சத் தேர்வுக் குழு கண்டெடுத்த படம்

மனிதகுலத்தைக் குகையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது நெருப்பு என்பார்கள் சிலர். சக்கரம் என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் விவரம் போதாதவர்கள். கொண்டுவந்தது பயம். பயம் இல்லையேல் கதவு இல்லை. கதவு இல்லையேல் பூட்டு இல்லை. பூட்டு இல்லையேல், நான்கு மாடிக் கட்டடத்தில் நூற்றிருபது பேர் வேலை பார்க்கும் அந்த மகத்தான பூட்டு நிறுவனமும் இல்லை. மனித நாகரிகம் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் பாடுபட்டதே இந்த நிறுவனத்தை அடைவதற்காகத்தான் என்று பொது மேலாளர் ஒரு கூட்டத்தில் சொன்னார். மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. பயத்தின் பெருமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நிறுவனத்தின் தலைசிறந்த தயாரிப்புகள் இரண்டு. ஒன்று ‘அரண்’ என்னும் பூட்டு. உள்ளே இருப்பவர் மனது வைத்தாலொழியத் திறக்காது. மற்றது ‘காவற்கண்’ என்னும் வாசல் கேமரா. வந்து நிற்பவரின் முகத்தை உள்ளே திரையில் காட்டும்; தெரிந்தவரா, அறிமுகமற்றவரா என்றும் சொல்லும். வெளியே நடப்பதையும் உள்ளே பேசுவதையும் சேர்த்துப் பதிந்துவைக்கும். இரண்டையும் வாங்குவோருக்கு, கதவின் உட்புறம் ஒட்டிக்கொள்ள ஒரு வாசகம் இலவசம்: “தட்டட்டும். திறக்காதீர்கள்.”

அந்த வருஷம் விற்பனை படுத்துக்கொண்டது. மக்கள் போதிய அளவு பயப்படுவதில்லை என்று விற்பனை மேலாளர் கண்டுபிடித்தார். காட்சிக்கூடத்தில் பெரிய டிவி வைத்து, முகமூடிக்காரன் கத்தியோடு துரத்தும் படங்களாகப் போட்டுப் பார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, “கத்தி நல்லா இருக்கே, எந்தக் கம்பெனி?” என்று விசாரித்தார்.

ஆகவே ‘அச்சத் தேர்வுக் குழு’ உதயமாயிற்று. கத்திக்குத்து வகையறாக்களைத் தாண்டி, உண்மையிலேயே குலைநடுங்க வைக்கும் ஒரு படத்தைக் கண்டுபிடிப்பது அதன் புனிதக் கடமை. தலைவர், விற்பனை மேலாளர். ஆலோசகர், வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு பட நிபுணர். மூவாயிரம் பேய்ப் படங்கள் பார்த்தவர் என்பதால் அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். இனி, பயத்தை அளக்க ஓர் ஆள் வேண்டும். குழு ஒருமனதாகப் புகார்ப் பிரிவு எழுத்தரைத் தேர்ந்தெடுத்தது.

எல்லாருக்கும் அவர் ‘புகார் சார்’. லிஃப்டுக்குப் பயந்து தினமும் நான்கு மாடி ஏறுபவர். டெலிபோன் மணி அடித்தால் எழுந்து நின்று எடுப்பவர். கரப்பான்பூச்சி எதிரே வந்தால், அதற்கு அவசர வேலை இருக்கலாம் என்று ஒதுங்கி வழிவிடுபவர். நிறுவனத்தின் மேல் பக்தி அதிகம். ஊழியர் சலுகையில் தன் தெருவில் மற்ற பதினோரு வீட்டுக்கும் அரணும் காவற்கண்ணும் மாட்டிக் கொடுத்து, வீடு வீடாக உட்கார்ந்து விளக்கக் கையேட்டை வரி விடாமல் படித்துக் காட்டியவர். தெரு நன்றாக இருக்கட்டும் என்பதைத் தவிர அதில் அவருக்கு வேறு லாபம் கிடையாது.

“இவரையே பயமுறுத்த முடியலேன்னா, அந்தப் படத்தைத் தூக்கிக் குப்பையில போடலாம்,” என்றார் விற்பனை மேலாளர்.

புகார் சாருக்கு அப்போது வேறு கவலை. ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மருமகனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் மகளும் மனைவியும் மட்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். விடுப்பு விண்ணப்பத்தோடு பொது மேலாளர் முன்னால் போய் நின்றார்.

“லீவா? குழுவோட அளவுகோலே நீங்கதான். அளவுகோல் லீவு போட்டா எதை வெச்சு அளக்கறது?”

“பொண்ணுக்குப் பிரசவம் சார்.”

“பயப்படறதுக்கு ஒரு படம் கிடைக்கட்டும். மறு நிமிஷம் கையெழுத்துப் போடறேன்.”

பார்வை அறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னல்களில் கறுப்புத் துணி. நடுவில் ஒரு மெத்தை நாற்காலி. குழுவின் மூன்றாம் விதிப்படி, உள்ளே வருமுன் செல்போனை வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். பெட்டிக்கு நிறுவனத்தின் சாதாரணப் பூட்டு. சாவி விற்பனை மேலாளரிடம். முதலுதவி அறை நர்ஸ், புகார் சாரின் விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுடன் அருகே அமர்வார்.

முதல் நாள் முகமூடிக்காரன். இருபத்தாறு பேரை வெட்டினான். நாடி எழுபத்திரண்டைத் தாண்டவில்லை.

“ஏன் சார் பயப்படலை?” என்று அதட்டினார் விற்பனை மேலாளர்.

“பயப்படத்தான் பார்த்தேன் சார். ஆனா அந்த ஆளு ராத்திரி பூரா ஓடறான், ஒரு வாய் தண்ணி குடிக்கலை. அவனுக்கு வீட்டுல யாரும் இல்லை போலிருக்கு.”

“சாதாரண ரத்தமெல்லாம் இந்தக் காலத்துல எடுபடாது,” என்றார் நிபுணர் கருணையுடன். “நான் உயர்தரப் பயத்தைக் காட்டறேன்.”

உயர்தரப் பயத்தில் ஒரு நடைபாதை இருந்தது. நடைபாதையின் கோடியில் ஒரு நாற்காலி இருந்தது. இரண்டே கால் மணி நேரமும் இருந்தது. நாடி அறுபத்தொன்று, கூடவே லேசான குறட்டை.

“இது மெதுவா வேலை செய்யும் சார். வீட்டுக்குப் போய்ப் பயப்படுவீங்க.”

“வீட்டுக்குப் போற பஸ்ல ஒருத்தர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தா, அந்த நாற்காலி ஞாபகம் வரலாம் சார்,” என்றார் புகார் சார், ஒத்துழைக்கும் ஆசையுடன்.

அடுத்து, இடிந்த பள்ளிக்கூடத்தில் செத்துப்போன டீச்சரின் ஆவி, நள்ளிரவில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடும் படம். நிபுணரே நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். புகார் சாரின் கண்ணில் நீர் நின்றது.

“பயமா?” விற்பனை மேலாளர் பாய்ந்து வந்தார்.

“இல்லை சார். செத்தப்புறமும் அந்தம்மாவுக்கு லீவு கிடைக்கலை பாருங்க.”

நர்ஸ் நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இடைவேளையில் மெல்லச் சொன்னார்: “சார், சும்மா கொஞ்சம் மூச்சை அடக்கி, கையைக் காலை உதறுங்க. நான் நூத்தி நாப்பதுன்னு எழுதிடறேன். நீங்க போய்ப் பொண்ணைப் பாருங்க.”

“பொய் எழுதி உங்க வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? வேண்டாம்மா. கடவுள் ஒரு நல்ல பேயாப் பார்த்து அனுப்பாமலா போயிடுவார்?”

ஒன்பதாம் நாள் காலை, படமே இல்லாத படம். இருட்டுத் திரை. யாரோ மூச்சு வாங்கும் சத்தம் மட்டும், மூன்று மணி நேரம். “இதுக்கு மேல பயத்துல படிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை” என்று நிபுணர் உறுதியளித்திருந்தார். புகார் சார் இருபதாவது நிமிஷம் எழுந்து, அந்த ஆளுக்கு ஆஸ்துமா முற்றிவிட்டது, யாராவது மருந்து கொடுக்கக் கூடாதா என்று கேட்டு உட்கார்த்தி வைக்கப்பட்டார்.

மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்தபோது, சாவியுடன் விற்பனை மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு மணிக்குப் பெட்டி திறந்தது. செல்போனில் மனைவியிடமிருந்து பதினெட்டு அழைப்புகள்.

புகார் சார் வாழ்க்கையில் முதல் முறையாக லிஃப்டில் இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

“என்னப்பா, பேய்ப் படம் நல்லா இருந்துச்சா?” என்று மகள் களைப்போடு சிரித்தாள். அவர் பேத்தியின் விரலை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

மனைவியை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். “எப்படி வந்தீங்க?”

“தண்ணி கேன் போடற வண்டிக்காரர்தான் கொண்டுவந்து சேர்த்தாருங்க. பாதி கேனை இறக்கிப் பிளாட்பாரத்துல வெச்சுட்டு, தன் சட்டையைக் கழட்டி சீட்டுல விரிச்சு உட்கார வெச்சாரு. நல்லா இருக்கணும் அந்த மனுஷன்.”

“தெருவுல நாலு வீட்டுல கார் நிக்குதே? யாரும் எடுக்கலையா?”

மனைவி சேலை நுனியைச் சுருட்டினாள். “எல்லாரும் வெளியே போயிருந்தாங்க போல. அதை விடுங்க. நாளைக்கு மறுநாள் வீட்டுக்கு அனுப்பறாங்களாம். அன்னிக்காவது லீவு போடுங்க.”

மறுநாள் காலை அவர் மீண்டும் விண்ணப்பத்துடன் போனார். அன்று பார்வை அறைக்குப் பொது மேலாளரே வந்து உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளாகியும் ஒரு பயம்கூடக் கிடைக்காதது அவருக்கு அவமானமாக இருந்தது.

“பேத்தி பிறந்தாச்சாமே? சந்தோஷம். படம் கிடைச்சுதா? இல்லை. உட்காருங்க.”

நிபுணர், வர வேண்டிய படம் வந்து சேரவில்லை என்று யாருடனோ மேசைத் தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் கிளிப்பை மாட்டிவிட்டார். புகார்ப் பிரிவின் கம்ப்யூட்டரைத்தான் குழு எடுத்துப் பெரிய திரையோடு இணைத்திருந்தது. சும்மா இருப்பானேன் என்று புகார் சார், தேங்கிக் கிடந்த புகார்களில் முதலாவதைத் திறந்தார். அவர் தெரு. எதிர் வீடு.

புகாரின் வாசகம் இது: “நேற்றுப் பகல் பதினொன்று பத்துக்கு வாசலில் வந்தவரைக் காவற்கண் ‘அறிமுகமற்றவர்’ என்று காட்டியது. எங்களுக்கோ எதிர் வீட்டு அம்மா மாதிரியே இருந்தது. கருவியை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று தெளிவுபடுத்தவும். பதிவு இணைப்பில் உள்ளது.”

இணைப்பு தானாகத் திரையில் ஓடத் தொடங்கியது.

நல்ல வெயில். செருப்பில்லாத கால்களுடன் அவர் மனைவி நின்றிருந்தாள்.

“அக்கா, கதவைத் திறங்களேன்! பொண்ணுக்கு வலி வந்துடுச்சு. இவர் போனை எடுக்கலை. கார் வேணும்க்கா!”

கதவுக்கு உள்ளேயிருந்து குரல்கள்.

“யாரு?”

“எதிர் வீட்டம்மா மாதிரி இருக்குங்க.”

“மாதிரிதானே? திறக்காதே. திருடங்க தெரிஞ்ச முகமா வந்து நிப்பாங்கன்னு புகார் சாரே படிச்சுக் காட்டலையா?”

“பாவங்க, அழறாங்க.”

“அதுவும் புத்தகத்துல இருக்கு. ஒன்பதாம் பக்கம்.”

மனைவி இறங்கி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். தட்டினாள். அதற்கடுத்த வீடு. திரையில் தெரு முழுவதும் தெரிந்தது. ஒரு வீட்டில் ஜன்னல் திரை விலகி மூடியது. ஒரு வீட்டில் உள்ளே ஓடிய டிவியின் சத்தம் நின்றது. பதினோரு வீடு. எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

“தொண்ணூறு,” என்றார் நர்ஸ். பிறகு, “நூத்திப் பதினாறு. சார்... நூத்தி அம்பது!”

அறையில் கைதட்டல் எழுந்தது. விற்பனை மேலாளர் நாற்காலியின் மேல் ஏறி நின்றார். நிபுணர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “அபாரம்! பட்டப்பகல்ல பயம்! இசை இல்லை, ரத்தம் இல்லை, ஒரே ஷாட்! யாரு டைரக்டர்?”

“அது என் சம்சாரம்,” என்றார் புகார் சார். “அந்த ஒன்பதாம் பக்கத்தைப் படிச்சது நான்தான்.”

கைதட்டல் சட்டென்று நின்றது. பொது மேலாளர் மட்டும் கலங்கவில்லை. தலைமைப் பண்பு என்பது அதுதான்.

“எத்தனை கதவு?”

“பதினொண்ணு சார்,” என்றார் விற்பனை மேலாளர், கீழே இறங்கி.

“ஒண்ணாவது திறந்துச்சா?”

“இல்லை சார்.”

“பூட்டெல்லாம் யாரோடது?”

“நம்மளோடது சார். பதினொண்ணும்.”

“அப்ப இது எப்படிய்யா பேய்ப் படமாகும்? நம்ம விளம்பரம்! இன்னிக்கே காட்சிக்கூடத்துல போடுங்க. சார், உங்க வீட்டம்மாகிட்ட ஒரு சம்மதக் கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க. லீவு அப்புறம் பார்க்கலாம். பயப்படறதுக்கு இன்னும் படம் கிடைக்கலையே.”

புகார் சார் எழுந்தார். மேலாளர் மணி அடித்தாலே வியர்க்கும் அந்த மனிதர், விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றி நர்ஸிடம் கொடுத்தார். “கையெழுத்து வாங்க மாட்டேன் சார். லீவு கொடுத்தாலும் கொடுக்காட்டாலும் நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறேன். அதுக்கு முன்னாடி பதினோரு வீட்டுக்கும் போய் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வரணும்.”

“சார், படம் இன்னும் முடியலை,” என்றார் நர்ஸ். சொல்லிக்கொண்டே, மேசை மேல் இருந்த பொது மேலாளரின் விரலில் கிளிப்பை மாட்டிவிட்டார். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

தெருக்கோடியில் ஒரு பழைய வண்டி வந்து நின்றது. பின்னால் தண்ணீர் கேன்கள். மனைவி கையை ஆட்டிக்கொண்டு நடுத்தெருவில் ஓடினாள். அவள் வாய் திறப்பதற்குள் வண்டிக்காரர் குதித்து இறங்கி, மறுபக்கம் ஓடிக் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவு கயிறால்தான் கட்டப்பட்டிருந்தது.

“என்ன இது?” பொது மேலாளர் முன்னால் சாய்ந்தார். “யாருன்னு கேக்கலையே? இந்த ஆளு எதுக்குத் திறக்கறான்? முகத்தைக்கூடப் பார்க்கலை! பூட்டே இல்லையா அந்த வண்டிக்கு?”

“கயிறு சார்.”

“இப்படித் தெருவுக்கு ஒருத்தன் கிளம்பினா? நம்ம நாலு மாடி? நூத்தியிருபது பேரு?” அவர் நெற்றியில் வியர்வை பொடித்தது. “நிறுத்துங்கய்யா! யாராவது நிறுத்துங்க!”

“நூத்தி அறுபத்திரண்டு,” என்று தெளிவாக வாசித்தார் நர்ஸ். “குழுவோட பதிவுலயே இதுதான் சார் அதிகம்.”

விதி விதிதான். புகார் சாரின் விடுப்பு அந்த நிமிஷமே கையெழுத்தாயிற்று. கையெழுத்துதான் கொஞ்சம் நடுங்கியிருந்தது. அன்று மாலையே குழு தன் பணி இனிதே நிறைவேறியதாக இறுதி அறிக்கை எழுதியது: உண்மையிலேயே அச்சமூட்டும் படம் கண்டுபிடிக்கப்பட்டது. நீளம், ஒன்பது விநாடி. ஒருவர் கதவைத் திறக்கிறார். பொதுமக்களின் நலன் கருதி, இதை எந்த வாடிக்கையாளருக்கும் எக்காலத்திலும் காட்டக் கூடாது.