சம்பந்தி அனுப்பிய கரடி

கிளியூர்,
11-6-1988

ஆத்தூர் நாட்டு மருந்துக் கடை முதலாளியும் எங்கள் அருக்காணியின் மாமனாருமாகிய சம்பந்தி ஐயாக்கண்ணு அவர்கள் சமூகத்துக்கு, ரிட்டையர்டு எஸ்டேட் ரைட்டர் மாதேஸ்வரன் கைகூப்பி எழுதியது. நலம் விசாரிக்கவே ஒரு பக்கம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். இந்தத் தடவை விஷயம் பெரிது. ஆகையால் சேர்வராயன் சாமி புண்ணியத்தில் இங்கே சௌக்கியம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாங்கள் அனுப்பிய கரடி வியாழக்கிழமை லாரியில் பத்திரமாக வந்து சேர்ந்தது. கூடவே இரும்புக் கூண்டும் வந்தது. தங்கள் ஆள் வேடியப்பன் கரடியை எங்கள் பழைய காப்பி ஷெட் தூணில் கட்டினான். ஒண்ணாம் தேதி குழாய் மாட்டுகிறவர் வருவார், அதுவரை கூழும் பழமும் போட்டால் போதும் என்றான். இந்தப் பொறுப்பை என்னிடம் ஏன் ஒப்படைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். என் பித்த வாந்தியும் தலைசுற்றலும் இரண்டு வருஷமாக அடங்கிக் கிடப்பது தாங்கள் மாசாமாசம் சீசாவில் அனுப்பும் கரடிப் பித்தநீர்க் கசாயத்தால்தான். 'குணமடைந்தவர்' என்று என் பேரைப் போட்டு அச்சடித்த நோட்டீசை பஸ் ஸ்டாண்டில் எனக்கே நாலு பேர் கொடுத்துவிட்டார்கள். மருந்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனா சம்பந்தி, இருபத்தொம்பது வருஷம் எஸ்டேட்டுல மஸ்டர் ரோல்னு ஆள் கணக்கு எழுதுனவனுங்க நான். எதுக்கு, எப்படி, எத்தனை நாளைக்குன்னு கேக்காம எனக்கு இருக்க வராது. பித்தநீர் எப்படி வெளிய வரும்னு வேடியப்பனைக் கேட்டேன். வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் சொருகுவாங்க, வெளிநாட்டுல இப்படித்தானாம்னான். ஓட்டை ஆறிப்போயிடாதான்னேன். ஆற உடக்கூடாதுங்கன்னான். கூண்டு ஏன் இத்தனை ஒடுக்கம்னேன். திரும்புனா குழாயைப் புடுங்கிப்போடும், அதனால திரும்ப முடியாத அளவுக்குத்தான் அடிச்சதுன்னான். எத்தனை நாளைக்குன்னேன். உசுரோட இருக்கற வரைக்கும், பத்து வருஷங்கூட வருமாம். சரி, முதுகு அரிச்சா அது என்ன பண்ணும்னு கேட்டதும் அவனுக்குப் பொறுமை போயிருச்சு.

"ஏனுங்க, நீங்க எங்க மொதலாளிக்குச் சம்பந்திங்களா, இந்தக் கரடிக்குச் சம்பந்திங்களா?"ன்னு கேட்டுப்போட்டு லாரி ஏறிட்டான்.

நேத்துக் காலையில எங்க ஊட்டுக்காரி சென்னம்மா ரேஷன் கடைக்குப் போயிட்டா. ஊட்டுல நானும் கரடியுந்தான். பலாப்பழத்துல பாதி வெட்டிப் போட்டேன், சக்கைகூட மிச்சமில்லை. மூலையில செல்லரிச்ச கட்டை ஒண்ணு கெடந்துச்சு. அதுமேல புஸ்ஸுனு ஊதி மண்ணைப் பறக்கடிச்சுது, அப்பறம் சர்ருனு கரையானை உறிஞ்சுது. சூடு தாங்காம டீ குடிக்கற எங்க பழைய மேஸ்திரி கெட்டாரு போங்க. வயிறு ரொம்புனதும் உக்காந்து உள்ளங்கையை வாயில வெச்சுக்கிட்டு ஒரு முனகல் போட்டுது பாருங்க, தூரத்துல மாவு மில்லு ஓடறாப்புல. அதைக் கேட்டுக்கிட்டே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். மூக்குல கயிறு கோத்த எடம் இன்னும் புண்ணாத்தான் இருந்துச்சு.

அப்பறந்தான் டேப்பை எடுத்துக் கூண்டை அளந்தேன். நீளம் அஞ்சடி, அகலம் ரெண்டடிக்கும் கம்மி. இதுக்குள்ள ஒரு ஜீவன் எப்படி இருக்கும்னு தெரிஞ்சே ஆகணும்னு தோணிப்போச்சு. கரடியைக் கேக்க முடியாது பாருங்க. அதனால நானே உள்ள போனேன். கதவு சாத்திக்கிட்டு, கொண்டி வெளிப்பக்கமாத் தானா விழுந்துருச்சு.

மொதக் கா மணி நேரம் சிரிப்பா இருந்துச்சு. அப்பறம் முதுகு அரிச்சுது. கை போகலை. காலை மடக்கலாம்னா மடக்க எடமில்லை, நீட்டலாம்னா கம்பி. சத்தம் போட்டேன். தபால்கார ஏசுராஜ் வந்தான், பாத்தான், தொறந்து உடாம ஊரையே கூட்டியாந்துட்டான். ஆனா ஒருத்தனும் கிட்ட வரலை. ஏன்னா, கயிறு எட்டுற மட்டும் வந்து கரடி என் கூண்டு வாசல்ல படுத்துக்கிச்சு. அது என்னைப் பாத்துது, நான் அதைப் பாத்தேன். கூட்டத்துல பாதிப் பேருக்குக் கரடி எதுன்னு சந்தேகம். ஒன்றரை மணி நேரமுங்க சம்பந்தி. பொறவு எனக்கு அழுகை வந்துருச்சு. அறுபது வயசு ஆம்பளை, ஊர் முன்னால, வெக்கமில்லாம அழுதேன்.

சென்னம்மா மண்ணெண்ணெய் டின்னோட வந்து நின்னா. கூண்டை ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு, "இது எத்தனை வருஷத்துக்குங்க?"ன்னா. பத்துன்னேன். மிச்சப் பலாப்பழத்தைத் தூணுப் பக்கம் எறிஞ்சா, கரடி போச்சு, கொண்டியைத் தூக்கிட்டா.

அதுக்குள்ள பாரஸ்ட் கார்டு மாதையனும் வேடிக்கை பாக்க வந்து சேந்துட்டான். சிரிச்சுக்கிட்டே வந்தவன் கரடியைப் பாத்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். கரடியைக் கட்டி வெக்கறது சட்டப்படி குத்தமாமுங்க. யாருதுன்னு கேட்டான். உங்க பேரைச் சொல்ல எனக்கு வாய் வரலை. என்னுதுன்னேன். கூண்டு யாருக்குன்னான். அதையும் எனக்குன்னே சொன்னேன், ஊரே சாட்சி. சாயங்காலம் ஜீப்புல கரடியைக் கொண்டு போயிட்டாங்க. அடிவாரத்துல நல்லா விஸ்தாரமா வேலி போட்ட எடம் இருக்குதாம். திங்கக்கெழமை நான் ரேஞ்சர் ஆபீசுக்குப் போகணும். போறேன்.

உங்க கால்ல உழுந்து கேக்கறேன் சம்பந்தி, இன்னொரு கரடி வாங்காதீங்க. குழாய்க்காரரை வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. உங்க மருந்து ஒசத்திதான், அதுல மாத்தமில்லை. ஆனா ரெண்டு வருஷமா நான் தெம்பா நடமாடறது ஒரு வாயில்லா ஜீவனோட வயித்துலருந்து எடுத்ததாலன்னு நெனச்சா சோறு எறங்கலை. இனி எனக்குச் சீசா வேண்டாம், தலை சுத்துனா சுத்திட்டுப் போகட்டும். இந்தக் கோவத்தை மட்டும் அருக்காணி மேல காட்டிப்போடாதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பேத்திக்கு முத்தம். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். தங்கள் கோபம் தணியும் நாள் எதுவோ அன்று தங்கள் வீட்டில் கை நனைக்கக் காத்திருக்கும்,

மாதேஸ்வரன்

பின்குறிப்பு: கவர் ஒட்டறதுக்கு முன்னால சென்னம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். 'மருந்து ஒசத்திதான்'ங்கற எடத்துல நிறுத்தச் சொன்னா. மொத சீசாவைக் குடிச்சு நான் மூணு தடவை வாந்தி எடுத்தேனாம். அன்னியிலருந்து நீங்க அனுப்புனதைப் பூராவும் கொல்லையில கொட்டிட்டு, அதே சீசாவுல நெலவேம்பைக் காய்ச்சி ஊத்தித்தான் எனக்குக் குடுத்தாளாம். சம்பந்தி ஊட்டுச் சீரை வேண்டாம்னா அருக்காணிக்குச் சங்கடம்னு வாயைத் தொறக்கலையாம். ஆக, நோட்டீசுல எம் பேரு இருக்கட்டுங்க, குணமானது நெசந்தான். அதுல 'கரடி'ங்கற வார்த்தையை மட்டும் அடிச்சுப்போடுங்க. நெலவேம்பு இங்க வேலியோரமெல்லாம் கெடக்குது. வேணுங்கறது ஒரு மூட்டை பஸ்ஸுல போட்டு உடறேன்.