பல்கேரியத் தலைவருக்கு நான் சவுண்ட்ஸ் கட்டிய கதை

மைக் பிடித்துப் பழகியவர்களை ஒரு வயதுக்குப் பிறகு வீட்டில் வைத்திருக்க முடியாது. தேர்தலில் நிற்கப் போய்விடுவார்கள். கனடாவின் ஸ்காபரோவில் பதினெட்டு வருடம் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், புத்தக வெளியீடு என்று எல்லாவற்றுக்கும் சவுண்ட்ஸ் கட்டியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நான் மைக் சரிபார்த்துக் கொடுத்த அறிவிப்பாளர்களில் மூன்று பேர் கவுன்சிலருக்கு நின்று தோற்றார்கள். மூவருமே சவுண்ட் சரியில்லாததால்தான் தோற்றோம் என்று என்னைத்தான் குறை சொன்னார்கள். அது அநியாயம். உண்மையாகவே என்னால் கெட்டுப்போன அரசியல்வாதி ஒரே ஒருவர்தான். அவர் பல்கேரியர்.

சவுண்ட்ஸ் எனக்குத் தொழில் இல்லை. தொழில், மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றுவது. சவுண்ட்ஸ் ஒரு வியாதி. அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக் கராஜ் முழுவதும் ஸ்பீக்கர் பொக்ஸ்கள் நின்றன. என் மனைவி வதனியின் கார் பதினெட்டுப் பனிக்காலமும் வெளியில் நின்றது. வேலைக்குப் போகுமுன் அவள் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டும் சத்தம் என் கட்டில்வரை கேட்கும் (எந்தச் சவுண்ட் மிக்ஸராலும் குறைக்க முடியாத சத்தம்).

கடைசியில் ஓர் இலையுதிர் காலத்தில் அவள் தீர்ப்பைச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, எங்கட ஆக்கள் உங்களைக் கூப்பிடுறது நீங்கள் சொந்தக்காரன் எண்டு. அது தொழில் இல்லை. வேற ஆக்கள் ஆராவது ஒருக்காக் கூப்பிட்டு, பிடிச்சு, ரெண்டாந்தரமும் கூப்பிட்டினம் எண்டா நான் வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி ஸ்னோ கொட்ட முந்தி உதுகளை வித்துப்போட்டு என்ர காரை உள்ள விடுங்கோ."

அடுத்த கிழமையே ஸ்டொயன் வந்து கேட்டான். ஸ்டொயன் கிடங்கில் என்னோடு பெட்டி ஏற்றும் பல்கேரியன். நாங்கள் இருவரும் பேசுவது உடைந்த ஆங்கிலம். எழுதும்போது அவனைத் தமிழில் பேசவிடுவது என் வழக்கம். (அதனால் அவன் என் கையில் கொஞ்சம் யாழ்ப்பாணத்தானாகிவிடுகிறான்.)

"எங்கட நாட்டில பெரிய ஆள் ஒருத்தர் வாறார்" என்று தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். அடர்ந்த மீசையோடு ஒரு குள்ளமான மனிதர் கிளாரினெட் வாசித்தார், பாடினார், கோமாளித்தொப்பி போட்டுக்கொண்டு யாரையோ பேட்டி கண்டார். கலியாண வீடுகளில் கிளாரினெட் வாசித்துத் தொடங்கி, பாடகராகி, பிறகு தொலைக்காட்சியில் பதினைந்து வருடம் நாட்டையே சிரிக்க வைத்தவராம்.

"பாடப் போறாரோ?"

"இல்லை. இப்ப கட்சி துடங்கியிருக்கிறார். வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களின்ர வோட்டுக்காக ஊர் ஊராப் போறார். பாட்டே இல்லை எண்டு சொல்லிப்போட்டார். ஒரு மைக். எக்கோ வேண்டாம். மியூசிக் வேண்டாம். சரி வந்துதெண்டா மார்கழியில எங்கட சங்கத்து விழாவுக்கும் உன்னைத்தான் கூப்பிடுவம்."

இரண்டாம் தரம்! நான் அன்று வீட்டுக்குப் போய் வதனியின் காரை ஒரு வெற்றிச் சிரிப்போடு பார்த்தேன்.

இந்த இடத்தில் என் கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மேளகாரர் கிடைக்காத கலியாணங்களுக்காக நான் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தேன். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். தாலி கட்டும் நேரம் ஐயர் விரலை உயர்த்துவார். சபை எழுந்து நிற்கும். அந்த நொடி பொத்தானை அமுக்கினால் நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளமாக இடிக்கும். யாராவது தும்மினாலும் அழுதாலும் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும். கை நடுங்கும் மாப்பிள்ளை தாலிக்கொடியின் பூட்டைத் திருகி முடிக்க நேரம் எடுக்கும் என்பதால், நாற்பது செக்கன் ஓடும்படியும், இடையில் யாருடைய கை பட்டாலும் நின்றுவிடாதபடியும் செய்து வைத்திருந்தேன். அதில் எனக்கு இருந்த பெருமையை அளக்க முடியாது.

ஒரு மைக்குக்கு அந்தப் பெட்டி எதற்கு? தேவையே இல்லை. ஆனால் அது மிக்ஸரோடு நிரந்தரமாகப் பொருத்தியிருந்தது. அதைக் கழற்ற ஐந்து நிமிடம் வேண்டும். நான் முதல்நாள் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் நேரே மண்டபத்துக்குப் போனவன். ஐந்து நிமிடம் குனிந்து நிற்க முதுகு சம்மதிக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல். இருநூறு பேர் இருப்பார்கள். தலைவர் கறுப்புக் கோட்டோடு மேடையேறினார். மீசை இருந்தது, சிரிப்பு இல்லை. கையில் தடித்த கட்டுக் காகிதம். பேசத் தொடங்கினார். சவுண்ட் அற்புதமாக இருந்தது. ஸ்டொயன் முன்வரிசையில் இருந்து திரும்பி எனக்குப் பெருவிரலைக் காட்டினான். முகம் முழுக்கச் சந்தோசம்.

எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. தெரியாத மொழியில் நடக்கும் அரசியல் பேச்சைப்போல நித்திரைக்கு நல்ல மருந்து கிடையாது (தெரிந்த மொழி என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை). பின்னால் கோப்பி மெஷின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. ஹீற்றர் காலில் இதமாக ஊதியது. கண்ணை ஒரு நிமிடம் மூடினேன்.

திடீரென்று கதிரைகள் உரசும் சத்தம் கேட்டது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். சபை முழுவதும் எழுந்து நிற்கிறது. மேடையில் ஒருவர் விரலை உயர்த்தியபடி நிற்கிறார். முன்வரிசையில் ஒரு பெண் விசும்பி அழுகிறாள்.

என் மூளை விழிக்க முன்னர் என் விரல் விழித்துவிட்டது. பதினெட்டு வருடப் பழக்கம். அமுக்கினேன்.

கெட்டிமேளம் விழுந்தது.

நான்கு ஸ்பீக்கர், இரண்டு பேஸ். தவில் அடித்த அடியில் மேடையில் இருந்த தண்ணீர்க் கிளாஸ் நகர்ந்தது. இருநூறு தலைகள் ஒன்றாகத் திரும்பின. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர்கள் குனிந்த தலையோடு நின்றவர்கள். நான் மிக்ஸரில் சத்தம் கூட்டிக் குறைக்கும் கட்டைகள் எல்லாவற்றையும் கீழே இழுத்தேன். மைக் செத்தது, கட்டைகளுக்கு அடங்காமல் நேரே ஸ்பீக்கருக்குப் போகிற மேளம் சாகவில்லை. சிவப்புப் பொத்தானைக் குத்தினேன், குத்தினேன், குத்தினேன். யாருடைய கை பட்டாலும் நிற்காது என்று செய்தவன் நான்தானே! கடைசியில் நிலத்தில் தவழ்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன். கோப்பி மெஷின் நின்றது.

நாற்பது செக்கன் முடிந்து மேளம் தானாக ஓய்ந்தபோது ஸ்டொயன் எனக்கு முன்னால் நின்றான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஊரை விட்டு வந்து, திரும்பிப் போகாமலே செத்துப்போன எங்கட ஆக்களுக்காக ஒரு நிமிஷ மௌனம் கேட்டவர். ஒரு நிமிஷம் எண்டுதான் விரலைக் காட்டினவர்."

எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. மற்ற யார் செய்தாலும் பரவாயில்லை. எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் முதலில் எழுந்து நின்று போரில் செத்தவர்களை நினைக்கிற கூட்டத்தில் வந்தவன் நான். அந்த மௌனத்தின் கனம் எனக்குத் தெரியும். அதன்மேல் தவிலைப் போட்டேன்.

தலைவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இது கலியாணத்து வாசிப்போ எண்டு கேக்கிறார்" என்றான் ஸ்டொயன்.

"ஓம்" என்றேன், பதற்றத்தில் தமிழிலேயே.

கலியாண வீட்டில் வாசித்த மனிதருக்குக் கலியாண வாசிப்புத் தெரியாமல் போகுமா? அவர் சைகை காட்ட, நான் மைக்கைத் திறந்தேன். ஒரு வசனம் சொன்னார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. அழுதுகொண்டிருந்த பெண்கூடக் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "செத்தவைக்கு ஒரு நிமிஷம் கேட்டன், கனடாவில அவைக்குக் கலியாணமே செய்து வைக்கிறாங்கள்" என்றாராம்.

நான் தப்பினேன். தொலைந்தவர் அவர். பின்வரிசையில் ஒருவன் ஒரு பாட்டின் பெயரைக் கத்தினான். இன்னொருத்தி வேறொரு பாட்டைக் கேட்டாள். பிறகு இருநூறு பேரும் கைதட்டத் தொடங்கினார்கள். அவர் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தார். அரைவாசிக்குமேல் மிச்சம் இருந்தது. அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டுப் பாடினார். யாரோ கிளாரினெட் கொண்டுவந்து கொடுத்தார்கள். சனம் கைகோத்து வட்டமாக ஆடியது. கட்சியில் சேருகிற படிவங்கள் ஒரு மேசையில் கிடந்தன. முடிவில் பார்த்தபோது மூன்றுபேர் நிரப்பியிருந்தார்கள். மற்ற எல்லோரும் அவரோடு படம் எடுத்தார்கள்.

நான் பொக்ஸ்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் வாகனத் தரிப்பிடத்தில் தனியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். போய் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம்.

"இருபது வருஷம் கலியாணத்துக்கு வாசிச்சன். பிறகு டிவி. சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும், ஆடும். நான் சொல்லுறதை ஒருநாளும் இருந்து கேட்டதில்லை. இண்டைக்குக் கேட்டவை. முப்பத்தஞ்சு நிமிஷம்."

அவருக்கும் எனக்கும் ஒரே களைப்புத்தான் என்று பட்டது. இரண்டு பேரும் அடுத்தவன் வீட்டுக் கொண்டாட்டத்துக்குச் சத்தம் கொடுத்துக் களைத்தவர்கள். அவர் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு, "உங்கட மேளகாரன் நல்லா வாசிக்கிறான், ஆனா கொஞ்சம் அவசரப்படுறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் கதையைச் சொன்னபோது வதனி சிரித்துச் சிரித்துக் குசினி நிலத்திலேயே இருந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, ரெண்டாந்தரம் கூப்பிடுவினமோ?"

பொக்ஸ்களை ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிய ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். (அவருடைய மனைவியை நினைத்து இன்றும் கவலைப்படுகிறேன்.) முதல் ஸ்னோ கொட்டிய காலை, வதனியின் கார் கராஜுக்குள்ளிருந்து சுத்தமாக இறங்கிப் போனது. ஐஸ் சுரண்டும் சத்தம் இல்லை. நான் கட்டிலில் படுத்தபடி, இந்த மௌனத்தை எவ்வளவு காலத்துக்கு முன்னரே அவளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று வெட்கப்பட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் விரலை உயர்த்தினாலும் மற்றவர்கள் ஓடிவந்து என் கையைப் பிடிப்பார்கள். போன கோடையில் மகள் அபியின் கலியாணம். உண்மையான மேளகாரர் நான்குபேர் இருந்தார்கள். இருந்தும் ஐயர் விரலை உயர்த்தியபோது வதனி என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தாள். மணவறையில் இருந்த அபி, தாலி ஏறுகிற நேரத்தில், "அப்பா, டோன்ட் டச் எனிதிங்!" என்றாள்.

கெட்டிமேளம் முழங்கியது. சனம் எழுந்து மணமக்கள்மேல் அறுகரிசி போட்டது. அதன் நடுவே மூன்றாவது வரிசையில் ஸ்டொயன் கோட் பொத்தானைப் பூட்டி, கைகளை முன்னால் கட்டி, தலை குனிந்து அசையாமல் நின்றான். மேளம் ஓய்ந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினான்.

"ஏன்ரா உப்பிடி நிண்டனி?" என்று சாப்பாட்டு வரிசையில் கேட்டேன்.

"உந்த மேளத்துக்கு எப்பிடி நிக்கிறதெண்டு எனக்கு நீதானே காட்டித் தந்தனி" என்றான். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை.

கலியாண வீடியோவை இன்றும் உறவினர் வந்தால் போடுகிறோம். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, திரும்பவும் ஓடவிட்டு, மூன்றாம் வரிசையைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். என் மகளுக்குத் தாலி கட்டுவதை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை.